மாறாத மைனஸ் பதினெட்டு

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் மீன் அறைக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்பது தட்டாஞ்சாவடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும். கனகசெட்டிக்குளத்தில் யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர்தான் தொழில்நுட்பம் என்று திறப்பு விழாவில் மைக் பிடித்துச் சொன்னார்கள். கைதட்டினவர்களில் நானும் ஒருவன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

என் பெயர் கொளஞ்சி. மில் மூடின பிறகு ஏதேதோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் இங்கே மீன் விற்கிற பெண்கள் குழுவின் குளிர் அறைக்குக் காவலாளி, ஆபரேட்டர், கூட்டிப் பெருக்குகிறவன் எல்லாமாக வந்து சேர்ந்தேன். அறையை இலவசமாகக் கொடுத்தது புதுவைத் தற்சார்பு இயங்குதள வாரியம். வெளிநாட்டுக்காரன் எழுதின சாஃப்ட்வேரை நம்பக் கூடாது, நம்ம ஊர் மெஷின்களை ஓட்ட நாமே ஒன்று எழுதுவோம் என்று கிளம்பின வாரியம். எழுதியும் விட்டார்கள். யாரும் வாங்கவில்லை. ஆகவே அது ஓடுவதற்கென்றே ஒரு குளிர் அறையைக் கட்டி எங்கள் தலையில் வைத்தார்கள். இந்தப் பூமியில் அந்தச் சாஃப்ட்வேர் ஓடுகிற ஒரே இடம் எங்கள் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்தான்.

அறைக் கதவுக்கு மேலே டி.வி. அளவுக்கு ஒரு கண்ணாடிப் பலகை. உள்ளே எத்தனை டிகிரி என்று அதில் எண் வர வேண்டும். வரவில்லை. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போட மறந்த மாதிரி, மாதக் கணக்கில் கறுப்பாகவே தொங்கியது.

எண் இல்லாவிட்டால் என்ன, கதவைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். திறக்கத் திறக்கக் குளிர் வெளியே ஓடிவிடும். உள்ளே இருந்ததோ சாதாரணச் சரக்கு இல்லை. தடைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாது, அப்போது மீன் கிடைப்பதே அரிது. அந்த நாட்களில் விற்கலாம் என்று குழுப் பெண்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டு வாங்கி உறைய வைத்த மீன். குழுத் தலைவி அமிர்தவல்லிக்கு அதில் பெரிய பங்கு. அவள் மகள் கார்குழலிக்கு ஆனியில் கல்யாணம்.

“அண்ணே, உள்ள எத்தினி டிகிரின்னு மட்டும் கேட்டுக்கினு வந்துடு. மைனஸ் பதினெட்டு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். என் பொண்ணு கல்யாணமே அந்த ரூமுக்குள்ளதான் இருக்கு” என்றாள்.

“ஒரு நம்பர்தானேம்மா, போன கையோட கேட்டுட்டு வந்துடுறேன்” என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

வாரியம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட்டில் இருந்தது. ஷெட்டின் நடுவில் குறுக்கே கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் ‘கெர்னல்’ என்றும் இந்தப் பக்கம் ‘பயனர்’ என்றும் எழுதியிருந்தது. சுவரில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் மேஜை, மேஜை மேல் ஒரு பித்தளை மணி. மணிக்குப் பக்கத்தில் சுமலதா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். தகவலைப் பயனருக்குக் காட்டும் பிரிவுக்கு அவர்தான் தலைமை.

“கெர்னல்னா என்னாம்மா?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்கு நடு உயிர். மெஷின்ல நடக்கிறது எல்லாம் அதுக்குத் தெரியும். அதுல எதைப் பயனருக்குக் காட்டலாம், எப்படிக் காட்டலாம்னு நாங்க முடிவு பண்றோம்.”

“இதுவரைக்கும் என்னென்ன காட்டியிருக்கீங்க?”

“இதுவரைக்கும் ஒன்னும் காட்டல. அதனாலதான் எங்க பிரிவு மேல ஒரு புகாரும் கிடையாது.”

பெருமையாகத்தான் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். மணியை அடிக்கச் சொன்னார். அடித்தேன். கேள்வியை ஜன்னலில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பெஞ்சில் உட்காரப் போனேன்.

“அங்க போகாதீங்க! பதில் வர்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க. அழைப்பு நிலுவையில இருக்கும்போது பயனர் அசையக் கூடாது.”

“ஒன்னுக்கு வந்தா?”

“அது தனி அழைப்பு.”

எனக்கு முன்னால் ஒருவர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். அவர் எதிர் டீக்கடைக்காரர். காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கத் தெரியாத்தனமாக மணியை அடித்துவிட்டாராம். கடையில் பால் பொங்கி வழிகிற வாசனை எங்கள் இருவருக்கும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுடர்விழி என்ற இன்ஜினியர் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் அறையின் எண் அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திரை எனக்கு முதுகு காட்டி இருந்தது. அவள் என்னைப் பார்ப்பாள், எண்ணைப் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

சாப்பாட்டு வேளை தாண்டி ஜன்னலில் பதில் வந்தது. அதையும் கையில் கொடுக்க மாட்டார்களாம். கெர்னல் பக்கத்துப் பேப்பர் பயனர் கைக்குப் போகக் கூடாது. பயனர் தன் பேப்பரை ஜன்னலில் வைத்தால் அதில் எழுதித் தருவார்கள். என்னிடம் பஸ் டிக்கெட்தான் இருந்தது. வைத்தேன். அதன் பின்பக்கத்தில் நிதானமாக எழுதித் திருப்பித் தந்தார்கள். ‘மறுபடி முயற்சி செய்யவும்.’

முயற்சி செய்தேன். பிடிவாதத்தில் நான் கொஞ்சம் மோசமான ஆள். வாரா வாரம் போய் மணியை அடித்து, நின்று, கால் வீங்கி, அதே பதிலோடு திரும்பி வந்தேன். அமிர்தவல்லி வாசலிலேயே காத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

ஒரு நாள் சுமலதா அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். “நல்ல வேளை வந்தீங்க. உங்க விஷயமாத்தான் கூட்டம். பயனர் பிரதிநிதி ஒருத்தர் இருக்கணும்னு விதி. எங்களுக்கு இருக்கிற பயனரே நீங்க ஒருத்தர்தான்” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

கூட்டத்தில் முந்திரி பக்கோடா இருந்தது. தலைமை வகித்தவர் வாரியத்தின் இயக்குநர் வெற்றிச்செல்வன். பக்கத்தில் ஆலோசகர் முசியே கிருஷ்ணசாமி. பாரீசில் ஏதோ சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுப் பென்ஷனோடு ஊர் திரும்பினவர். வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். முதலில் இயக்குநர் எழுந்தார்.

“நண்பர்களே! தகவலைக் காட்டுறது பெரிய விஷயமே இல்ல. பஸ் ஸ்டாண்டுல எடை பாக்கிற மெஷின்கூடக் காட்டுது. காட்டாம இருக்கிறதுலதான் வடிவமைப்பே இருக்கு. பயனர் குழந்தை மாதிரி. ஒரு எண்ணைக் கொடுத்தா என்ன பண்ணுவாரு? நம்புவாரு. அப்புறம் பொறுப்பு யாருக்கு? நமக்கு!”

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து சுமலதா அம்மாள், “மைனஸ்னு ஆரம்பிக்கிற எண்ணை அரசாங்கப் பலகையில போடுறது மங்களமா இல்ல. கெல்வின் கணக்குல போட்டா மைனஸே வராது. இருநூத்தி ஐம்பத்தஞ்சுன்னு கம்பீரமா நிக்கும்” என்றார்.

“யம்மா, உள்ள இருநூத்தி ஐம்பத்தஞ்சுன்னு போட்டீங்கன்னா மீனு பொரிஞ்சி போச்சுன்னு பொம்பளைங்க மாரடிச்சிக்குவாங்க!” என்றேன்.

“பயனர் அஞ்சுகிறார்னு குறிச்சுக்குங்க” என்றார் இயக்குநர்.

முசியே கையை உயர்த்தினார். “நோன், நோன். சென்டிகிராடே இருக்கட்டும். ஆனா ஒரு தொசியேவுல, அதான் கோப்புல, ஒரே ஒரு விஷயம்தான் இருக்கணும். அதான் முறை. மைனஸுக்கு ஒரு கோப்பு. ஒன்னுக்கு ஒரு கோப்பு. எட்டுக்கு ஒரு கோப்பு. பிரெஞ்சு நிர்வாகம் இன்னிக்கும் நிக்குதுன்னா இதனாலதான்.”

“இங்க நிக்கலையே முசியே” என்றேன். அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மூன்று கோப்புகளுக்கும் மூன்று துணைக்குழுக்கள் போட்டார்கள். மைனஸ் துணைக்குழு ஆய்வுக்காக ஊட்டிக்குப் போய் வந்தது. அங்கே மைனஸ் கிடைக்கவில்லை, ஸ்வெட்டர் கிடைத்தது. எட்டுத் துணைக்குழு, எட்டைத் தலைகீழாகப் பார்த்தாலும் எட்டாகவே இருப்பதால் அது நம்பகமான எண் என்று அறிக்கை கொடுத்தது. ஒன்றுக்கான துணைக்குழுவில் ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை.

கடைசிக் கூட்டத்தில் இயக்குநர் குரலைத் தாழ்த்திப் பேசினார். “இனி சொல்லப்போறது நம்ம வாரியத்தோட உயிர்மூச்சு. பயனருக்கு ஒரு தரம் காட்டினதை எந்தக் காலத்துலயும் மாத்தக் கூடாது. இன்னிக்கு ஒன்னு, நாளைக்கு ஒன்னுன்னு காட்டினா நம்மளை யாரு நம்புவாங்க?”

தண்ணீர் பிடிக்க வந்திருந்த சுடர்விழி பாட்டிலோடு நின்றுவிட்டாள். “சார், காட்டுற முறையைத்தான் சார் மாத்தக் கூடாது. எண்ணு மாறலாம். மாறணும். அது டெம்பரேச்சர் சார்...”

“சுடர்விழி, நீங்க கெர்னல் பக்கம். இது பயனர் பக்கத்துக் கூட்டம்” என்றார் சுமலதா அம்மாள். “தண்ணி புடிச்சாச்சுன்னா கிளம்புங்க.”

அவள் போனாள். நானும் அன்று அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மாற்ற மாட்டோம் என்று ஒரு அரசு அலுவலகம் சொல்வது நல்லதுதானே என்று நினைத்து, பக்கோடாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். இரண்டாவது தடவை.

பலகையில் எண் வந்த நாள் எங்கள் ஊருக்குத் திருவிழா. இயக்குநர் சுவிட்சைத் தட்டினார். மைனஸ் பதினெட்டு என்று சிவப்பாக எரிந்தது. அமிர்தவல்லி கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழவும் செய்தாள். அன்றிலிருந்து வேலை முடிந்து போகிற பெண்கள் எல்லாரும் ஒரு தடவை பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். “கதவை யாரும் தொறக்கக் கூடாது. அதான் எண்ணு தெரியுதே, இன்னும் என்னாத்துக்குத் தொறக்கணும்?” என்று அமிர்தவல்லி சட்டமே போட்டாள். கம்ப்ரஸரும் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் மைனஸ் பதினெட்டு. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தடைக்காலம் வந்தது. நல்ல விலை பேசி விழுப்புரத்திலிருந்து வியாபாரி வண்டியோடு வந்தார். நான் கதவைத் திறந்தேன்.

அந்த நாற்றத்தை எழுதப்போவதில்லை. வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கம்ப்ரஸரில் காஸ் கசிந்து போயிருக்கிறது. மெஷின் ஓடியது, குளிர் மட்டும் வரவில்லை. தரையெல்லாம் மீன் தண்ணீர். கதவுக்கு மேலே மைனஸ் பதினெட்டு, பளிச்சென்று.

அமிர்தவல்லி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “எண்ணைப் பாத்துக்கினுதானே அண்ணே இருந்தோம்? தெனம் பாத்தோமே!” என்றாள். போய்க் கேட்டு அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வந்தவனே நான்தானே.

பஸ் பிடித்துத் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். மணியை அடித்தேன். நிற்கவில்லை. ஜன்னலில் தலையை விட்டுத் திரும்பிச் சுடர்விழியின் திரையைப் பார்த்தேன். எங்கள் அறைக்கு நேராகப் பதினொன்று என்று இருந்தது. மைனஸ் இல்லை. வெறும் பதினொன்று.

“ரெண்டு வாரமா ஏறிக்கிட்டே இருக்கு சார். எழுதி எழுதிக் கொடுத்தேன், காட்ட அனுமதி இல்லன்னுட்டாங்க” என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே தாயே!”

“பயனர்தான் சார் கெர்னலைக் கூப்பிடலாம். கெர்னல் பயனரைக் கூப்பிடக் கூடாதுன்னு விதி.”

அதற்குள் விசில் சத்தம். எல்லை மீறிய பயனரை உடனே வெளியேற்ற வேண்டும், வெளியேற்றும் முன் அவரிடம் இருந்த அத்தனையையும் கொட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதியாம். செக்யூரிட்டி என் சட்டைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பீடிக்கட்டு, தீப்பெட்டி, பாதி மெதுவடை. மெதுவடையின் பாதி எங்கே என்று சுமலதா அம்மாள் விசாரித்தார். சாப்பிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சத்தம் கேட்டு இயக்குநரே வந்தார். மீன் அத்தனையும் அழுகிப்போய்விட்டது என்று சொன்னேன்.

“உங்க பலகை என்ன சொல்லுது பயனரே?”

“மைனஸ் பதினெட்டுன்னுதான் சார் சொல்லுது.”

“அப்போ மைனஸ் பதினெட்டுதான். பலகை சரியாத்தான் இருக்கும். உங்க மீனுதான் தப்பா இருக்கும்.” என் தோளில் கை போட்டார். “நாங்களே நாளைக்கு அங்கதான் வர்றோம். அந்த எண்ணு பலகையில ஏறினதில இருந்து ஒரு தரம்கூட மாறல, கவனிச்சீங்களா? உலகத்துல எந்த நாட்டுலயும் பயனருக்குக் காட்டுற இடைமுகம் இவ்வளவு நிலையா கிடையாது. அதுக்கு ஒரு விழா. மத்தியானச் சாப்பாடு உங்க அறையில இருக்கிற மீன்தான். சமையல்காரருக்குச் சொல்லியாச்சு.”

மறுநாள் மீனைப் புதைக்க நாங்கள் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஷாமியானா போட ஆள் வந்துவிட்டார்கள். அமிர்தவல்லி மண்வெட்டியை வீசிவிட்டுப் போய், காரில் வந்து இறங்கின இயக்குநர் எதிரில் நின்றாள்.

“ஐயா, வேணாம். கெட்டுப்போன மீனுங்க. நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு. சாப்புட்டா உசுருக்கு ஆபத்துங்க.”

“அம்மா, பலகையைப் பாருங்க.”

“பலகை கெடக்கட்டுங்க, மீனைப் பாருங்க!”

“இப்படிக் கருவியை நம்பாம இருந்தா நீங்கள்லாம் எப்பதாம்மா முன்னேறுவீங்க?” என்று வருத்தப்பட்டார். வருத்தம் உண்மையானதுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சமையல்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மசாலாவை மூன்று பங்கு போட்டுப் பொரித்தார். முதல் துண்டு வாய்க்குப் போனதும் சுமலதா அம்மாள் கொஞ்சம் தயங்கினார். முசியே தைரியம் சொன்னார். “பிரான்சுல நல்ல சீஸ் இப்படித்தான் மணக்கும். நாறுனா உயர்ந்த சரக்குன்னு அர்த்தம். சாப்பிடுங்க, சாப்பிடுங்க!” பிறகு எல்லாரும் உயர்ந்த சரக்கைச் சாப்பிட்டார்கள். சுடர்விழி மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லித் தயிர் சாதத்தோடு ஒதுங்கிக்கொண்டாள். எங்கள் பெண்கள் தூரத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நன்றியுரை வரவில்லை. நன்றி சொல்ல எழுந்தவர் மைக்கைப் பிடித்தபடியே மடங்கினார். அடுத்தது மேடை, அடுத்தது முதல் வரிசை. கார் ஓட்டிகளும் சாப்பிட்டிருந்தார்கள். அதனால் வாரியம் முழுவதையும் எங்கள் மீன் டெம்போவில் ஏற்றிக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நானும் சுடர்விழியும்தான். அங்கே டாக்டரும் நர்ஸுகளும், பாவம், ஓடி ஓடிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஊசி, எல்லாருக்கும் குளுக்கோஸ். இரண்டு நாளில் எழுந்துவிடுவார்கள், பயமில்லை என்றார் டாக்டர்.

சாயங்காலம் அமிர்தவல்லி வந்தாள். மாப்பிள்ளை வீடு கதிர்காமத்தில்தான். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்கப் போயிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா, ‘பாக்கலாம்’ என்று மட்டும் சொல்லி, காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

இயக்குநர் கட்டிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து வாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். “நூத்தி மூணு. மாத்திரை குடுத்திருக்கு, இறங்கிடும்” என்று என் காதில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

“கொளஞ்சி...” என்று கூப்பிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “எனக்குக் காய்ச்சல் எவ்வளவுப்பா?”

“மணி அடிச்சீங்களா சார்?”

“விளையாடாதப்பா. உயிர் போவுது. ஒரு எண்ணு, சொல்லிட்டுப் போயேன்.”

ஒரு எண்தான். எத்தனை தடவை அந்த வார்த்தையை நான் சொல்லியிருப்பேன்! கட்டிலுக்குக் கீழே குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து, சுடர்விழியிடம் பேனா வாங்கி, தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு என்று எண்ணில் பெரிதாக எழுதினேன். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் அவர் கண்ணுக்கு நேராகக் கட்டினேன்.

“காட்டியாச்சு சார். இனிமே எந்தக் காலத்துலயும் மாறாது.”

அவர் அட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சத்தியமாக வந்தது. அப்போது மறுபடி நடுக்கம் தூக்கிப் போட்டது, கட்டிலே கடகடத்தது.

“நார்மல்தான் காட்டுது... அப்புறம் ஏம்ப்பா எனக்கு இப்படித் தூக்கிப் போடுது?”

சுவரோரம் நின்றிருந்த அமிர்தவல்லி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“பலகை சரியாத்தான் இருக்கும் ஐயா. உங்க உடம்புதான் தப்பா இருக்கும்.”

இயக்குநர் அட்டையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “இருக்கும்மா, இருக்கும்” என்றார்.